பிரிக்பீல்ட்ஸ் மழையும் கிள்ளான் வெயிலும்

கடல்நீரை முகந்து கறுத்து, இன்னார் இனியார் என்று பாராமல் பொழிந்து, பொழிந்தபின் வெளுத்துக் கலையும் மேகத்தின் நிறத்தைத் திருமேனிக்கு உவந்து கொண்ட பெருமானே, என் எழுத்தில் பொய் புகாமல் காத்தருள்வாய். என் சினத்தில் நேர்மை மட்டும் நிற்கட்டும். பகை இருந்தால் அது கழன்று போகட்டும். உன் திருவடியே தஞ்சம்.

இன்று புரட்டாசித் திங்கள், வளர்பிறைத் துவாதசி, திருவோணம், சனிக்கிழமை. பெருமானுக்கு உகந்த மாதமும் கிழமையும் விண்மீனும் ஒன்றுகூடிய இந்த நன்னாளில் நீராடி, திருமண் இட்டு, விளக்கேற்றிவிட்டு எழுத அமர்கிறேன்.

எழுதக் காரணம் உண்டு. சென்ற வாரம் கோயில் மண்டபத்தில் ஒருவர் பேசினார். ஜப்பான்காரர் காலத்தில் கோலாலம்பூரில் தமிழ்க் குடும்பங்கள் பட்டினி கிடந்ததற்குப் புரட்டாசி மழையே காரணமாம். பயிரிட்ட மரவள்ளிக் கிழங்கு காயாமல் மழையில் பூசணம் பிடித்துப் போயிற்றாம். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்த மழையில் நனைந்தவன் நான். பூசணம் பிடித்த கிழங்கையும் கண்ணால் பார்த்தவன். மழையின்மேல் அந்தப் பழியைப் போட நான் விடமாட்டேன்.

அந்நாளில் நான் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே வரிசை வீடுகளில் ஒன்றில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அந்தப் பகுதியில் புரட்டாசி மாதத்து நாள் எப்படிக் கழியும் என்பதை அங்கே ஒரு வருஷம் வாழ்ந்தவர் எவரும் சொல்லிவிடுவார். விடியற்காலையில் ஆற்றின்மேல் மெல்லிய பனி கிடக்கும். தோளில் துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். சூரியன் ரயில்வே பட்டறையின் தகரக் கூரைக்கு மேல் ஏறியதும் பனி போன இடம் தெரியாது. அதன்பிறகு வெயில்தான். கூரைத் தகரம் சூட்டில் விரிந்து சடசடவென்று ஓசையிடும். உலர்த்திய வேட்டி, ஒரு பாசுரத்தை இரண்டு முறை ஓதி முடிப்பதற்குள் மொரமொரப்பாகிவிடும். உச்சிப்பொழுது சாய்ந்ததும் காற்று நின்றுபோகும். கிழக்கே மலைத்தொடரின்மேல் மேகம் குவியல் குவியலாக எழும். அதன் அடிப்பக்கம் கறுக்கும். சற்று நேரத்தில் ஒரு குளிர்ந்த காற்று தெருப்புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவரும். அதன் பின்னாலேயே மழை. மாலைக்குள் பெய்து ஓய்ந்து, தரையிலிருந்து ஆவி எழும். எல்லா நாளும் இப்படியே என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான நாள் இப்படித்தான்.

கிள்ளானில் இது தலைகீழ். ரயிலில் ஏறினால் ஒரு பொழுதுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் ஊர்தான். ஆனால் அது கடலைப் பார்த்த ஊர். அங்கே இரவெல்லாம் புழுங்கும். விடியலை ஒட்டி, சுமத்திராப் பக்கத்திலிருந்து கடலைத் தாண்டி ஒரு காற்று வந்து தென்னைகளை உலுக்கும். காலை முழுவதும் மழை அடிக்கும். பிற்பகலில் வானம் வெளுத்து, கடற்காற்றும் வெயிலுமாக மண் காய்ந்துவிடும். ஒரே மாதம், ஒரே பெருமானின் மேகம். ஆனால் ஓர் ஊருக்குக் காலையில் வெயில், மற்றோர் ஊருக்கு மாலையில் வெயில். இரண்டு ஊருக்கும் அவன் வஞ்சனை செய்யவில்லை. கிழங்கு காய்வதற்கு வேண்டிய வெயிலை இருவருக்கும் வைத்திருந்தான். எந்தப் பொழுதில் வைத்திருக்கிறான் என்று பார்க்கவேண்டியது மனிதனின் வேலை.

அந்த ஆட்சியின் மூன்றாவது புரட்டாசி அது. அரிசிக் கப்பல் வருவது நின்று நெடுநாளாகியிருந்தது. காலியிடமெல்லாம் மரவள்ளி போடவேண்டும் என்பது உத்தரவு. எங்கள் வரிசைக்குப் பின்னாலிருந்த நிலத்திலும் மரவள்ளி வளர்ந்தது. அதை மேற்பார்வை செய்ய ஒருவரை அமர்த்தினார்கள். அவர் தமிழர், கிள்ளானுக்கு அப்பால் கடலோரத் தென்னந்தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது தோட்டத்து எழுத்தராக, இருந்தவர். எங்கள் வரிசையின் கோடி வீட்டில் குடியேறினார். எல்லாரும் கிராணியார் என்றே அழைத்தோம். நெற்றியில் பளிச்சென்று நாமம், வாயில் எப்போதும் பெருமான் திருநாமம். முதல் நாள் பார்த்தபோது, நல்லவர் ஒருவர் வந்து வாய்த்தார் என்று மகிழ்ந்தேன்.

அவர் வகுத்த ஏற்பாடு இது. வீட்டுக்கொரு பெண் காலையில் வந்து தோட்டத்தில் களை எடுக்கவேண்டும். பிற்பகல் அவரவர் வீட்டுக்கென்று விடப்பட்டது. அந்த நேரத்தில் அவரவர் பங்குக் கிழங்கைச் சீவி, சில்லுச் சில்லாகக் காயவைத்து, சனிக்கிழமை மாலை பொதுக் கிடங்கில் ஒப்படைக்கவேண்டும். ஒப்படைத்தவர்களுக்கு அந்த வார அரிசிப் பங்கு கிடைக்கும். ஈரமாகவோ பூசணத்தோடோ கொண்டுவந்தால் அரிசி இல்லை.

அந்தக் காலத்தில் கடிகார முள்ளையும் ஜப்பான் நேரத்துக்கு முன்னே தள்ளிவைத்திருந்தார்கள். கிராணியார் பெண்களை விடுவிக்கும் நேரம் இரண்டு மணி. அந்த இரண்டு மணிக்கு எங்கள் ஊர்ச் சூரியன் உச்சியில் இருப்பான். பெண்கள் வீட்டுக்குப் போய்க் கை கழுவி, கிழங்கைச் சீவிப் பாயில் பரப்பும்போது மலைமேல் மேகம் கறுத்திருக்கும். நாள் முழுவதிலும் எந்தப் பொழுது வெயிலோ அந்தப் பொழுது களைக்குப் போயிற்று. எந்தப் பொழுது மழையோ அந்தப் பொழுது கிழங்கு காயவைக்கக் கிடைத்தது. கிள்ளானில் கொப்பரை காயவைத்தவரின் ஏற்பாடு அது. கடலோரத்தில் அது சரி. எங்கள் வரிசையில் அது கொடுமை.

அந்தக் கொடுமை எல்லா வீட்டையும் தொட்டது. ஆனால் எங்கள் அடுத்த வீட்டின்மேல் இடியாக விழுந்தது. அங்கே ஓர் இளம்பெண் தன் சிறு மகளோடு இருந்தாள். அவள் கணவன் தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலைக்காரன். முந்தின வருஷம் அவனைச் சயாமில் ரயில்பாதை போடுவதற்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவனைப்பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மகள் தாய்ப்பால் மறந்த பருவத்துக் குழந்தை. மரவள்ளியை எப்படிச் சமைத்துக் கொடுத்தாலும் அதன் வயிறு ஏற்கவில்லை. கழிச்சலில் கை கால் சூம்பி, வயிறு மட்டும் உப்பிக் கிடந்தது. மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளரான டிரெசர் பார்த்துவிட்டு, "மருந்து எதுவும் கையில இல்லம்மா. அரிசிக் கஞ்சி குடு. கெழங்கு குடுத்தா புள்ள நிக்காது" என்று சொல்லி அனுப்பினார். ஆகவே அந்த வீட்டில் அரிசிப் பங்கு என்பது ஒரு வேளைச் சுவை அல்ல. அந்தக் குழந்தையின் உயிர்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை அவள் கிடங்குக்குச் சில்லுகளைக் கொண்டுபோனாள். என் மனைவிக்கு முழங்கால் வலி என்பதால் எங்கள் பங்கை நான் சுமந்துகொண்டு அவள் பின்னால் நின்றேன். கிராணியார் சாக்குக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"என்னம்மா இது, பச்சையா பூசணம் பூத்திருக்கு?"

"மழைங்க கிராணியாரே. நீங்க விட்டதும் ஓடிப்போயித்தான் விரிக்கிறேன். விரிக்கிறதுக்குள்ள மானம் இருட்டிக்கிட்டு வந்துடுது."

"மத்தியானம் முழுக்க ஒனக்குத்தானே விட்டிருக்கேன்? எங்க தோட்டத்துல மத்தியானத்துலதான் கொப்பரை காயவைப்போம். ஒருநாள் பூசணம் புடிச்சதில்ல."

"அது கிள்ளானுங்க. இங்க காலையிலதான் வெயிலு."

வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கிள்ளான் வெயில ரெண்டு சாக்குல கட்டி ரயில்ல ஏத்திவிடச் சொல்லுங்க கிராணியாரே. நாங்க எறக்கிக்கிறோம்."

பெண்கள் சிரித்தார்கள். கிராணியார் முகம் சுருங்கிற்று.

"சிரிப்பா வருதா? புரட்டாசி மாசம். இந்த லயத்து வரிசையில ஏதோ ஒரு வீட்டுல நெத்திலி வறுக்கிற வாசம் என் வீட்டு வரைக்கும் வருது. சுத்தம் கெட்ட எடத்துல சாமி எப்படி வெயில் குடுப்பாரு? நீங்க செய்யிற பாவம்தான் மழையா ஊத்துது."

அந்தப் பெண் தலை குனிந்தாள். அவளுக்கு அரிசி தரப்படவில்லை. என் சில்லுகளிலும் பூசணம் இருந்தது, எனக்கும் இல்லை. அதை நான் பொருட்படுத்தவில்லை. பெருமானின் பெயரைச் சொல்லி அவர் பேசிய பேச்சு என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எந்த வீட்டில் நெத்திலி வறுபட்டது என்று எனக்குத் தெரியாது. யாருக்காவது கிடைத்திருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்லது என்றே நான் நினைத்தேன். என் சிறு வயது முதல் நான் ஓதிவந்த பழம்பாடல்களில் மழை அருளுக்கு உவமையாக வந்திருக்கிறது. கொடைக்கும் குளிர்ந்த கண்ணுக்கும் உவமையாக வந்திருக்கிறது. பசித்த பெண்ணை அடிக்கும் பிரம்பாக எந்த அடியாரும் மழையைப் பாடி நான் ஓதியதில்லை. கரிய மேகத்தைப் பார்த்துப் பெருமானையே கண்டதாக உருகி நின்றவர்களின் வழியில் வந்தவர் என்று நெற்றியில் எழுதிக்கொண்ட ஒருவர், அதே மேகத்தைக் காட்டி ஒரு தாயைப் பாவி என்றார்.

அந்த வாரம் என் மனைவி எங்களிடம் மீந்திருந்த நொய்யரிசியைக் கஞ்சி காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுத்தாள். அது மூன்று நான்கு வேளைக்குக்கூடப் போதவில்லை. அடுத்த வீட்டுப் பெண் அடுப்புக்கு மேலே கம்பி கட்டிச் சில்லுகளைப் புகையில் உலர்த்தப் பார்த்தாள். விறகும் ஈரம். சில்லு கறுத்துப் புகை நாற்றம் பிடித்தது. இரண்டாம் சனிக்கிழமை கிராணியார் அதையும் திருப்பி அனுப்பினார்.

கிள்ளானிலிருந்து வாரம் ஒருமுறை ரயிலில் வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் எங்கள் பகுதியில் பழந்துணியும் தேங்காயெண்ணெயும் விற்பார். கலகலப்பானவர். அவரிடம் அந்தப் பெண் ஒரு நாள் கேட்டாள்.

"பாய், இப்ப கிள்ளான்ல மழை எப்படி?"

"அத என் கொடைகிட்ட கேளு தங்கச்சி. காலையில அங்க மழைக்குப் புடிச்சிக்கிட்டு ரயில் ஏறுறேன். இங்க எறங்கினா வெயிலுக்குப் புடிக்கிறேன். சாயந்தரம் இங்க நனைஞ்சிக்கிட்டே ஏறினா, அங்க காஞ்ச மண்ணுல எறங்குறேன். ரெண்டு ஊர்லயும் சும்மா இருக்கவே விடமாட்டேங்குது, பாவம்."

"அப்ப என் சில்ல ஒரு சாக்குல தரேன். ஒங்க வீட்டு வாசல்ல மத்தியானத்துல காயப்போட்டுக் கொண்டாந்து குடுக்கிறீங்களா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"காயப்போட்டுடுவேன்லா. என் பொஞ்சாதி பாத்துக்குவா. ஆனா ரயில்ல ஜப்பான்காரன் சாக்க அவிழ்த்துப் பாப்பான். சாப்பாட்டுச் சாமான் கடத்துறேன்னு இழுத்துக்கிட்டுப் போயிடுவான். போன மாசம் எங்க ஊரு ஆள் ஒருத்தர அப்படித்தான் கொண்டுபோனான். கோவிச்சிக்காத தங்கச்சி."

"இல்ல பாய். நான் கேட்டதே தப்பு."

"கேட்டது தப்பில்ல," என்றார் அவர். போகும்போது ஒரு சிறு புட்டியில் எண்ணெய் ஊற்றிக் குழந்தையின் வயிற்றில் தடவச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றே நான் கிராணியார் வீட்டுக்குப் போனேன். பாசுரம் ஓதுபவன் என்பதால் அவர் என்னைப் பாகவதரே என்று அழைப்பார்; நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் பணிவாகவே பேசினேன். பெண்களைக் காலையில் கிழங்கு காயவைக்க விட்டுவிட்டு, மழை ஓய்ந்தபின் களைக்கு அழைக்கலாமே. நனைந்த மண்ணில் களையும் எளிதாக வருமே என்றேன்.

"நீங்க சொல்றது எனக்குத் தெரியாதா பாகவதரே," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "வந்த மொத வாரமே தெரிஞ்சிபோச்சு. இந்த ஊரு மழை வேற மாதிரி."

"அப்படியானால் மாற்றிவிடலாமே?"

"மேல ஜப்பான்காரனுக்கு எழுதிக் குடுத்தாச்சு. காலையில களை, மத்தியானம் காயவைக்கிறதுன்னு. இப்ப மாத்தச் சொன்னா, மொதல்ல ஏன் தப்பா எழுதினேன்னு கேப்பான். அவன் கேக்கிற விதம் ஒங்களுக்குத் தெரியும். கன்னத்துல விழும்."

"அந்தக் குழந்தை செத்துப்போகும்."

"பெருமாள் பாத்துக்குவாரு."

"பாவத்தால் மழை பெய்கிறது என்று சொன்னீர்களே?"

அவர் எழுந்து நின்றார். "நீங்க சாமி பாட்டப் பாருங்க பாகவதரே. மழைய நான் பாத்துக்கிறேன்."

திரும்பி நடந்தேன். அறியாமையால் ஒருவர் தவறு செய்தால் அதற்கு மருந்து உண்டு. அவர் அறியாதவர் அல்லர். கன்னத்தில் விழும் ஓர் அறைக்கு அஞ்சினார். அந்த அச்சத்தையும் நான் இகழ மாட்டேன். அந்நாளில் அஞ்சாதவர் எவரும் இல்லை. அஞ்சியவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தம் அச்சத்தை மறைக்க அந்தப் பெண்ணைப் பாவி ஆக்கினார். மழையைச் சாட்சிக்கு அழைத்தார். பெருமான் தலையில் பொறுப்பைப் போட்டார். அதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை நெருங்கிற்று. குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது; அழுகையைவிட அந்த மௌனம் எங்களை அச்சுறுத்திற்று. வெள்ளிக்கிழமை காலை, களைக்குப் போகுமுன் அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நாளைக்கு நான் செம்பு எடுக்கிறேன். நீங்களும் அக்காவும் கூட வரணும்."

செம்பு எடுப்பது எங்களவர் வழக்கம். புரட்டாசிச் சனிக்கிழமையில் வேண்டுதல் உள்ளவர், பித்தளைச் செம்புக்கு நாமம் இட்டு, துளசி சுற்றி, வீடு வீடாகப் போய்ப் பெருமான் பெயரைக் கூவி நிற்பார். வீட்டுக்காரி அரிசி கொண்டுவந்து இடுவாள். ஏழையும் செல்வரும் ஒன்றுதான். செம்பு வந்து நின்றால் எந்த வீடும் இல்லை என்று அனுப்பாது. சேர்ந்த அரிசியைப் பொங்கிப் படைத்து எல்லாரும் பகிர்ந்துண்பார்கள். அந்த வருஷங்களில் அரிசிக்குப் பதிலாக மரவள்ளிச் சில்லோ மாவோ விழுந்தது. கிராணியாரும் தம் பக்தியின் பெருமையில் அந்தச் சனிக்கிழமைக் காலை மட்டும் களைக்கு விடுமுறை விட்டிருந்தார்.

"என்ன வேண்டுதல் அம்மா?" என்று கேட்டேன்.

"சாமிகிட்ட என்னத்த மறைக்கிறது. அரிசிதான்."

"யார் வீட்டில் இருக்கிறது?"

"யார் வீட்டுலயும் இல்லன்னா சாமியும் பட்டினி, என் புள்ளையும் பட்டினி. கேட்டுப் பாத்துடுறேன்."

மறுநாள் காலை வெயில் சுரீரென்று அடித்தது. எனக்கு மாலை முறை வேலை. நான் தாளம் தட்டிப் பாசுரம் ஓதியபடி முன்னே நடந்தேன். அவள் செம்போடு பின்னே வந்தாள். என் மனைவி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இன்னும் சில பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வீடு ஒரு பிடி சில்லு, ஒரு கரண்டி மாவு, ஒரு துண்டு வெல்லம் விழுந்தது. ஒரு வீட்டில் ஒன்றுமில்லாமல், கொல்லையில் பறித்த கீரையை ஒரு பெண் கொண்டுவந்து இட்டாள். "சாமி இன்னிக்குக் கீரை தின்னட்டும். நாங்க தினம் தின்னுறோம்" என்றாள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

கோடி வீட்டு வாசலில் நின்றோம். அந்தப் பெண் பெருமான் பெயரைக் கூவினாள். கிராணியார் ஊஞ்சற்பலகையில் அமர்ந்திருந்தார். எழுந்து கைகூப்பினார். அவர் மனைவி உள்ளிருந்து வந்தார். அந்த அம்மாள் செம்பைப் பார்த்தார். என் மனைவியின் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். உள்ளே போனார். பானை மூடி நகரும் ஓசை கேட்டது.

கிராணியார் தலையைத் திருப்பி, "அந்தப் பானை இல்ல. நொய் இருக்கிற பானை" என்றார்.

உள்ளிருந்து பதில் வந்தது. "சாமிக்குப் போடுறதா நொய்யி?"

அந்த அம்மாள் ஒரு பெரிய கிண்ணம் நிறைய அரிசி கொண்டுவந்து செம்பில் கொட்டினார். நாங்கள் அப்படிப்பட்ட அரிசியைக் கண்டு வருஷமாகியிருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு மணிகூட உடையாமல், சுண்ணாம்பு நாற்றம் இல்லாமல் இருந்தது. எங்களுக்குக் கிடங்கில் தரப்பட்டது சுண்ணாம்பு கலந்த பழைய நொய். செம்பு நிறைந்து வழிந்து, சில மணிகள் படியில் சிதறின. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி குனிந்து அவற்றைப் பொறுக்கிச் செம்பில் சேர்த்தாள். கிராணியார் கூப்பிய கையை இறக்கவும் இல்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை.

இந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்திலேயே கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "பாடுங்க அண்ணே, போகலாம்" என்றாள். பாடினேன்.

அவள் வீட்டில் புதுப்பானையில் பொங்கல் வைத்தாள். பெருமான் படத்துக்கு முன் படைத்து, தீபம் காட்டி, முதல் கரண்டியைக் குழைத்துக் கஞ்சியாக்கிக் குழந்தையின் வாயில் ஊட்டினாள். குழந்தை முதலில் முகத்தைத் திருப்பிற்று, பிறகு விழுங்கிற்று, பிறகு கரண்டியைக் கையால் பற்றிக்கொண்டது. வழக்கப்படி வரிசைப் பெண்கள் பிரசாதத்துக்குக் கை நீட்டினார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு பருக்கை அளவே எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் எடுத்துக்க அக்கா," என்றாள் அந்தப் பெண்.

"எனக்குப் போதும். நல்ல அரிசி எனக்குச் செரிக்காது, பழக்கம் விட்டுப்போச்சு," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். மீதிப் பொங்கலும் செம்பில் எஞ்சிய அரிசியும் அந்த வீட்டிலேயே நின்றன.

திங்கட்கிழமை காலை பெண்கள் களைக்குப் போனபோது ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு பாயும் ஒரு கூடைச் சில்லும் இருந்தன. தோட்டத்தை ஒட்டி ஒரு கிளைத் தண்டவாளம் இருந்த இடம் உண்டு. தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டதால் சரளைக்கல் படுகை மட்டும் கிடந்தது. வெயில் ஏறினால் அந்தக் கல் அடுப்புபோல் கொதிக்கும். அதன்மேல் பாயை விரித்துச் சில்லைப் பரப்பிவிட்டுப் பெண்கள் களை எடுக்கத் தொடங்கினார்கள். அலுவலகம் போகும் வழியில் நின்று நான் பார்த்தேன். கிராணியார் வந்தார். பாய்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

அந்தப் பெண் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மானம் நல்லா இருக்குங்க கிராணியாரே" என்றாள்.

"ம்," என்றார் அவர். தம் வீட்டு அரிசியைக் கண்டுவிட்ட பெண்களைத் தடுக்கத் துணிவின்றி வேறு பக்கம் நடந்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை அவள் கொண்டுபோன சில்லு முறித்தால் ஒடியும்படி வெளுத்துக் காய்ந்திருந்தது. அரிசிப் பங்கு கிடைத்தது. அதே சுண்ணாம்பு நொய்தான். அதை ஏழு நீரில் கழுவிக் கஞ்சி வைத்தாள். குழந்தை பிழைத்தது; ஐப்பசியில் சுவரைப் பிடித்து நடந்தது. அவள் கணவன் சயாமிலிருந்து வரவில்லை.

மேலே எழுதிக் கொடுத்த நேரம் கடைசிவரை மாற்றப்படவில்லை. எழுத்தில் பெண்கள் பிற்பகலில்தான் கிழங்கு காயவைத்தார்கள். பாவம் என்று சொன்ன சொல்லையும் அவர் திரும்பப் பெறவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. ஒரு தாய் தன் குழந்தைக்குக் கஞ்சி பெறப் பெருமானைச் செம்போடு தெருவில் நடத்தி அழைத்துவரவேண்டியிருந்தது. வெயில் எந்தப் பொழுதில் அடிக்கிறது என்று ஒரு மனிதர் தம் வாயால் ஒப்புக்கொண்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். நான் மன்னிக்கவேண்டும் என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். மன்னிப்பது குழந்தையின் தாய்க்கு உரிய உரிமை, என்னுடையது அல்ல. அவள் மன்னித்தாளா என்று நான் கேட்டதும் இல்லை.

மழை மட்டும் அன்று குற்றமற்றது. அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

இதை வாசித்தவர்கள், வாசிக்கக் கேட்டவர்கள், பாதியில் மடித்துவைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனவர்கள் அனைவருக்கும் பெருமான் அருள் பெருகுக. உங்கள் உலையில் அரிசி குறையாதிருக்கட்டும். உங்கள் வாசலில் வந்து நிற்பவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நோயின்றி நீடு வாழட்டும்.